பருவ வண்ணங்கள்: நிறம் தேரும் கல்வி

 

கவிதை பேசும் அவையில் துணியின் நிறத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. தமிழ் மரபு அவ்வையத்தை எளிதில் தீர்த்து வைக்கிறது. வண்ணம் என்னும் ஒரு சொல்லே நிறத்தையும் குறிக்கிறது. செய்யுளின் ஓசையொழுங்கையும் குறிக்கிறது. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுத்துரைக்கிறார். உவமவியலில், ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வினை, பயன், மெய், உரு என நான்கைக் கூறுகிறார். அவற்றுள் உரு என்பது நிறம். நிறத்தோடு நிறத்தை வைத்து ஒப்புமை காணும் கண்ணும் உவமை காணும் கண்ணும் வேறல்ல என்பது இதனால் பெறப்படும். அக்கண்ணைப் பயிற்றும் கல்வி ஒன்று மேலைநாட்டில் தோன்றி உலகெங்கும் பரவியுள்ளது. அக்கல்வி கற்பிப்பது யாது, அது வழுவும் இடம் யாது, தமிழ்க் கவிஞர்க்கு அதனால் ஆவது யாது என்பவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

கல்வியின் இயல்பு

ஒருவருடைய தோல், தலைமுடி, கண் ஆகியவற்றின் நிறங்களை உற்றுநோக்கி, அவற்றோடு இயையும் ஆடை நிறங்கள் இவை எனத் தேர்ந்து கூறும் முறை தனிநபர் நிறப் பகுப்பாய்வு எனப்படுகிறது. இம்முறையில் நிறங்கள் யாவும் இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்னும் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. மனிதரும் அவ்வாறே நான்கு பருவத்தினராகக் கொள்ளப்படுகின்றனர். இன்ன பருவத்தினர்க்கு இன்ன நிறத்தொகுதி என்பது இதன் சுருக்கம்.

இதனைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் முதலில் மனித முகத்தைத் தொடுவதில்லை. நூற்றுக்கணக்கான துணித்துண்டுகளையோ வண்ணத் தாள்களையோ மேசைமேல் குவித்து, அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துப் பழகுகின்றனர். குவியலைப் பிரிக்கத் தெரிந்த பின்னரே முகத்தருகே துணியை வைத்துப் பார்க்கும் உரிமை வருகிறது. எழுத்து அறிந்த பின்னரே செய்யுள் என்பது போன்ற முறைவைப்பு இது.

வரலாற்று வழி

இக்கல்வியின் வேர் ஒரு சாயப் பட்டறையில் உள்ளது. பாரிஸ் நகரின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தவர் மிஷேல் எய்ஜேன் ஷெவ்ரேல் (1786–1889) என்னும் வேதியியலறிஞர். ஆலையின் கறுப்பு நூல் போதிய கருமையின்றி வெளிறித் தோன்றுவதாகக் குறை கூறப்பட்டது. ஷெவ்ரேல் சாயத்தை ஆராய்ந்தார்; சாயத்தில் குறை இல்லை. நீலம், ஊதா ஆகிய நிறங்களின் பக்கத்தில் நெய்யப்பட்டமையால் கறுப்பு தன் கருமை குன்றித் தோன்றியது. குறை நூலில் இல்லை. அண்டை நிறத்தில் இருந்தது. இவ்வுண்மையை விரித்து அவர் எழுதிய பெருநூல் 1839இல் வெளிவந்தது. மேனியின் நிறத்திற்கும் முடியின் நிறத்திற்கும் ஏற்ப ஆடையும் தொப்பியும் தேரும் முறையையும் அந்நூல் பேசுகிறது.

அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் (1858–1918) 1905இல் வெளியிட்ட நூலில் நிறத்திற்கு மூன்று அளவுகள் வகுத்தார். சிவப்பா, பச்சையா, நீலமா என்னும் இனம் ஒன்று; வெளிர்மையா, கருமையா என்னும் ஒளியளவு மற்றொன்று; செறிவுடையதா, மங்கியதா என்னும் திண்மை மூன்றாவது. நிறம் பிரிப்போர் இன்றும் இம்மூன்றையே கைக்கொள்கின்றனர்.

ஜெர்மனியின் வைமார் நகரில் 1919இல் தோன்றிய பௌஹௌஸ் கலைப்பள்ளியின் தொடக்கக் கால ஆசிரியருள் ஒருவர் யோகான்னஸ் இட்டன் (1888–1967). பிற்காலத்தில், 1928இல், அவர் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றை அவரே தம் நூலில் பதிந்துள்ளார். இயைபுடைய நிறக்கோவைகள் எனத் தாம் கருதியவற்றை மாணவர் தீட்டும்படி அவர் பணித்தார். மாணவர்களோ அக்கோவைகள் தங்களுக்கு இயைபாகத் தோன்றவில்லை என்றனர். அவ்வாறாயின் அவரவர்க்கு இயைபெனத் தோன்றுவதை அவரவர் தீட்டுக என்றார். ஒருவர் தீட்டியது மற்றவர் தீட்டியதை ஒத்திருக்கவில்லை. வியப்புக்குரியது அதன்பின் நிகழ்ந்தது: எந்தத் தாள் எவருடையது என்பதை ஆசிரியரால் சொல்ல முடிந்தது. தீட்டியவரின் முகமும் முடியும் இயல்பும் தாளில் தோன்றின. இட்டனின் வண்ணநூல் 1961இல் வெளிவந்தது. நான்கு பருவங்களின் நிறக்கோவைகளையும் அந்நூல் விளக்குகிறது. தம் விருப்ப நிறத்தை மட்டுமே அறிந்தவர் பிறர்க்காக நிறம் தேரும் தொழிலில் இடறுவர் என்பதும் அவர் வற்புறுத்திய கருத்தாகும்.

கலிஃபோர்னியாவில், தொப்பி செய்யும் தொழிலிலிருந்து ஆடை வடிவமைப்புக்கு வந்த சூசன் கேகில் (1911–1994) பருவப் பெயர்களை மனிதர்க்குப் பொருத்தி விரிவானதொரு முறையை வளர்த்தார். 1980இல் வெளியான கேரல் ஜாக்சனின் நூல் இம்முறையை எளிமைப்படுத்தி இல்லந்தோறும் கொண்டுசென்றது. நான்கு தொகுதிகள் பின்னர்ப் பன்னிரண்டாக விரிந்தன. அண்மை ஆண்டுகளில் தென்கொரியாவின் சியோல் நகரில் இக்கலை பெருவணிகமாக வளர்ந்து, அயல்நாட்டுப் பயணியரும் நாடிச் செல்லும் ஒன்றாகியிருக்கிறது.

மூன்று வினாக்கள்

பயில்பவர் ஒவ்வொரு துண்டையும் கையிலெடுத்து மூன்று வினாக்களைக் கேட்கிறார். இது வெம்மை சார்ந்ததா, தண்மை சார்ந்ததா? வெளிர்ந்ததா, ஆழ்ந்ததா? தெளிந்ததா, மங்கியதா? மஞ்சளின் சாயல் ஏறிய நிறம் வெம்மை உடையது. நீலத்தின் சாயல் ஏறிய நிறம் தண்மை உடையது. வெம்மையும் வெளிர்மையும் தெளிவும் உடையவை இளவேனில். தண்மையும் வெளிர்மையும் மங்கலும் உடையவை கோடை. வெம்மையும் ஆழமும் மங்கலும் உடையவை இலையுதிர்காலம். தண்மையும் ஆழமும் தெளிவும் உடையவை குளிர்காலம். இவ்வளவே இலக்கணம். இலக்கணத்தை ஒரு நாளில் மனனம் செய்துவிடலாம். கண்ணுக்கு அது வசப்படுவதற்குத் திங்கள் பல ஆகும்.

சிவப்பு நிறத் துண்டுகள் இருபது மேசைமேல் கிடப்பதாகக் கொள்வோம். தக்காளி, செங்கல், செம்பருத்தி, குங்குமம், மாதுளைமுத்து, பீட்ரூட், அரக்கு என வீட்டிலும் கடையிலும் பழகிய பெயர்களால் அவற்றைக் குறிக்கலாம். தக்காளியும் செங்கல்லும் வெம்மைப் பக்கம் போகும். பீட்ரூட் தண்மைப் பக்கம் போகும். இடைப்பட்ட துண்டு ஒன்றில்தான் சிக்கல். அதனைத் தக்காளியின் பக்கத்தில் வைத்தால் தண்ணென்று தோன்றும். பீட்ரூட்டின் பக்கத்தில் வைத்தால் வெதுவெதுப்பாகத் தோன்றும். துண்டு மாறவில்லை, அண்டை மாறியது. ஷெவ்ரேல் ஆலையில் கண்டதைப் பயில்பவர் தம் மேசையில் காண்கிறார். நிறத்தைத் தனியே பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது, மற்றொன்றோடு வைத்தே கூற வேண்டும் என்னும் முதற்பாடம் அன்று கிடைக்கிறது. பௌஹௌஸில் இட்டனின் அடிப்படை வகுப்பில் பயின்றவரான யோசெப் ஆல்பர்ஸ் 1963இல் வெளியிட்ட நூலின் உயிர்க்கருத்தும் இதுவே.

இரண்டாம் இடர் மஞ்சளிலும் ஊதாவிலும் வருகிறது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் இயல்பிலேயே வெளிர்ந்தது. செறிந்த ஊதாவோ இயல்பிலேயே கருமை சார்ந்தது. செறிவு வேறு, ஒளியளவு வேறு என்பதை உணராதவர், பளிச்சென்றவை யாவும் வெளிர்நிறம் என எண்ணி மயங்குவர். மயக்கம் தீர எளிய வழி உண்டு. துண்டுகளை வரிசையாக வைத்துக் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால், இனம் மறைந்து ஒளியளவு மட்டும் எஞ்சி நிற்கும். தொலைபேசி ஒன்றிருந்தால் இன்று இதனை எவரும் செய்து பார்க்கலாம்.

மூன்றாம் இடர் வெளிச்சம். குண்டு விளக்கின் மஞ்சள் ஒளியில் எல்லா நிறமும் வெம்மை ஏறித் தோன்றும். ஆதலின் பகலொளியில், சாம்பல் அல்லது வெள்ளைப் பின்னணியில்தான் பிரித்தல் நிகழ வேண்டும் என்பது விதி. இவ்விதியைத் தமிழ்நாட்டுப் பெண்டிர் எந்த நூலும் படியாமலே அறிவர். புடவைக் கடையில் விளக்கொளியில் பிடித்துப்போன சேலையை வாசற்பக்கம் எடுத்துச் சென்று வெயிலில் விரித்துப் பார்த்த பின்னரே விலை பேசுவது தலைமுறைகளாக வரும் வழக்கம்.

துண்டுகளைப் பிரிக்கத் தெரிந்தபின் முகம் வருகிறது. அமர்ந்திருப்பவரின் ஆடையை வெள்ளைத் துணியால் மூடி, முகப்பூச்சை நீக்கி, பகலொளியில் அமர்த்தி, ஒரே இனத்தைச் சேர்ந்த வெம்மைத் துணியையும் தண்மைத் துணியையும் மாற்றி மாற்றித் தோளில் இடுவர். அப்போது பயில்பவர்க்குத் தரப்படும் கட்டளை ஒன்று உண்டு: துணியைப் பார்க்காதே, முகத்தைப் பார். இயையாத நிறம் கண்ணின் கீழ் நிழலை மிகுவிக்கும். முகத்தில் இல்லாத மஞ்சளையோ சாம்பலையோ ஏற்றும். இயைந்த நிறம் தான் பின்வாங்கி முகத்தை முன்னிறுத்தும். நல்ல உவமை தான் நில்லாது பொருளைக் காட்டுவது போன்றதே இதுவும்.

அறிவியல் கருவி அளந்து கூறும் முடிவுகளல்ல இவை. ஒரே முகத்திற்கு இரு வல்லுநர் இருவேறு பருவம் கூறுதலும் உண்டு. பயிற்சி பெற்ற கண்ணின் தீர்ப்பு என்னும் அளவிலேயே இதற்கு மதிப்பு.

பெயரும் நிலமும்

இதுவரை கூறியவை எந்நாட்டவர்க்கும் பொதுவானவை. பருவப் பெயர் என்னும் இடத்தில்தான் தமிழர்க்குத் தடை எழுகிறது.

கோடை என்னும் தொகுதியைத் திறந்தால் வெளிறிய ரோஜா, மங்கிய நீலம், சாம்பல் படிந்த ஊதா ஆகியவை இருக்கும். தண்ணென்று, மென்மையாக, புகைபடிந்தாற்போலக் காணப்படும். வட அமெரிக்காவின் இதமான கோடை நாளை நினைப்பார்க்கு அது பொருந்தும். பாலைக்குரிய பெரும்பொழுதாக வேனிலையும், சிறுபொழுதாக நண்பகலையும் வைத்த மரபில் வந்தவர்க்குக் கோடை தண்ணென்றிருக்குமா? ஆனி, ஆடியின் முதுவேனிலில் கண் கூசும் வெயிலுக்கு நடுவே மங்கலுக்கு இடமில்லை.

குளிர்காலத் தொகுதியில் தூய வெள்ளையும் தூய கறுப்பும் கூர்மையான சிவப்பும் இருக்கும். உறைபனி மூடிய நிலத்தில் இலையற்ற மரம் கருங்கோடாக நிற்கும் காட்சியிலிருந்து பிறந்த தெளிவு அது. தமிழில் பனி என்பது வேறு. மார்கழி, தை என்னும் முன்பனிக் காலத்து விடியலில் நிறங்கள் யாவும் ஒரு மெல்லிய திரைக்குப் பின் மங்கி நிற்கும். அங்கே குளிர்காலம் தெளிவு. இங்கே முன்பனி மங்கல். அங்கே கோடை மங்கல். இங்கே முதுவேனில் கூர்மை. பெயரை அப்படியே மொழிபெயர்த்து மனனம் செய்பவர் இரண்டு தொகுதிகளை இடம் மாற்றி வைத்துவிடுவர்.

இலையுதிர்காலத்தில் இன்னும் நுட்பமானதொரு முரண் உண்டு. செம்பு, துரு, செங்காவி ஆகிய நிறங்கள் அத்தொகுதியின் உயிர். வட நாடுகளில் மரங்கள் இலை உதிர்க்கும்முன் அந்நிறம் கொள்கின்றன. சாகும் இலையின் நிறம் அது. ஆதலின் அத்தொகுதிக்கு முதிர்ச்சி, நிறைவு, மாலைப்பொழுது என்னும் குறிப்புகள் சேர்ந்துவிட்டன. தமிழ்நிலத்தில் செம்பு நிறம் எங்கே காணப்படுகிறது? மாமரத்தின் தளிரில். அரசமரத்தின் துளிரும் செம்மை படர்ந்தே விரிகிறது. அங்கே உதிரும் இலைக்கு வாய்த்த நிறம் இங்கே பிறக்கும் இலைக்கு வாய்த்திருக்கிறது. அங்கே முதுமையைக் குறிப்பது இங்கே இளமையைக் குறிக்கிறது. செம்பு நிறத்தின் வெம்மையும் மங்கலும் இரு நிலத்திலும் ஒன்றே. அதற்கு இட்ட பெயரும் பெயரோடு வந்த உணர்வும் நிலத்திற்கு உரியவை.

தமிழ்ப் பருவங்கள் ஆறு என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அவை அமையும். நான்கை ஆறாக்கிப் புதிய தொகுதி முறை ஒன்றை அமைத்துவிட்டால் சிக்கல் தீரும் எனச் சிலர் கருதக்கூடும். முல்லைக்குரிய கார்காலத்தை எடுத்துக்கொண்டால் அது எளிதன்று என்பது புலனாகும். சங்கப் பாடல்களின் கார்காலக் காட்டில் கொன்றை பொன்னாய்ப் பூக்கிறது. காயா நீலமாய்ப் பூக்கிறது. முல்லை வெண்மையாய் மலர்கிறது. மழைக்குப்பின் செந்நிற மூதாய்ப் பூச்சிகள் ஈர மண்ணில் ஊர்கின்றன. மேலே கருமுகில் நிற்கிறது. மூன்று வினாக்களையும் இக்காட்டில் கேட்டால், கொன்றை வெம்மைக்கும் காயா தண்மைக்கும் போய்விடும். ஒரே பருவம் நான்கு தொகுதிகளிலும் சிதறும். மேலைமுறை ஒத்தவற்றை ஒருங்கு சேர்த்துப் பருவம் என்கிறது. சங்கப் புலவரோ ஒரு பொழுதில் உடனிருக்கும் மாறுபட்டவற்றை ஒருங்கு கண்டு பருவம் என்றனர். இரண்டும் நிறத்தை அறியும் வழிகளே. முன்னது பிரித்தறிதல், பின்னது கூட்டியறிதல். கவிஞர்க்கு இரண்டும் வேண்டும். பிரிக்கத் தெரியாதவரின் கூட்டல் குழப்பமாக முடியும்.

நெசவாளரும் கூட்டியறிந்தவரே. மயில்கழுத்து என வழங்கும் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறம். உடுத்தியவர் திரும்புந்தோறும் நீலமும் பச்சையும் மாறி மாறித் தோன்றும். ஒரு துண்டு ஒரு நிறம் என்னும் கணக்கில் அமைந்த தாள் அட்டையில் அதற்கு இடம் ஏது? எம்.எஸ். நீலம் என ஒரு காஞ்சிபுரப் பட்டு நிறம் இசைவாணி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்குவதும் இவ்விடத்து எண்ணத்தக்கது. பருவத்தின் பெயரால் மனிதரை அழைத்தது அம்முறை. உடுத்திய மனிதரின் பெயரால் நிறத்தை அழைத்தது தமிழ்நாட்டுக் கடைவீதி.

மேனியின் நிறம்

துணித்துண்டைத் தவறான குவியலில் வைத்தால் எடுத்து மாற்றி வைக்கலாம். மனிதரைத் தவறான குவியலில் வைத்தால் என்ன ஆகும் என்பதே இக்கல்வி எதிர்கொள்ள வேண்டிய பெரிய வினா.

தொடக்க கால நான்கு தொகுதி முறையில், ஐரோப்பிய வழிவந்தோரின் மேனியும் முடியும் நான்கு பருவங்களிலும் நுணுகிப் பகுக்கப்பட்டன. ஆப்பிரிக்க வழிவந்தோரும் ஆசியரும் பெரும்பாலும் குளிர்காலம் என்னும் ஒரே பெட்டியில் வைக்கப்பட்டனர். கருவிழியும் கருமுடியும் கண்டவுடன் தீர்ப்பு எழுதப்பட்டது. கருமேனிக்குள்ளும் வெம்மை உண்டு, தண்மை உண்டு. தெளிவு உண்டு, மென்மை உண்டு. பயிலாத கண்ணுக்கு இருபது சிவப்பும் ஒரே சிவப்பாகத் தோன்றுவது போலவே, பழகாத கண்ணுக்குக் கருமேனியர் அனைவரும் ஒரே நிறத்தினராகத் தோன்றினர். முறையின் மூன்று வினாக்களில் பிழை இல்லை. வினாக்களை எல்லார் முகத்திலும் கேட்காமல் விட்டதே பிழை. பின்னர் எழுந்த விரிந்த முறைகள் இதனை ஓரளவு திருத்திக்கொண்டன.

இக்குறையை அயலார் மேல் மட்டும் சுமத்தி அமைதல் நேர்மையாகாது. தமிழ்நாட்டில் ஜவுளிக்கடைத் தரைவிரிப்பில் மகளோடு அமர்ந்திருக்கும் தாய், கடைப்பணியாளரிடம், “தம்பி, பொண்ணு கொஞ்சம் மாநிறம், இவளுக்கு எடுக்கிற மாதிரி லைட் கலரா காட்டுங்க” என்று சொல்வது பலரும் கேட்ட பேச்சு. வாடாமல்லியும் மயில்கழுத்தும் அடுக்கிலேயே இருந்துவிடும். சந்தன நிறமும் வெளிர் ரோஜாவும் விரிக்கப்படும். அப்பெண்ணின் தோளில் ஒரு துணியும் வைத்துப் பார்க்கப்படுவதில்லை. பார்க்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. மறுக்கப்பட்டது ஒரு சேலை மட்டுமன்று. தன் மேனி ஒரு குறை, அக்குறையைத் துணியால் தணிக்க வேண்டும் என்னும் பாடத்தை அப்பெண் அன்று கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறாள்.

பேச்சு வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது. பெண் நல்ல கலர் என்றால் வெளுத்த மேனியள் என்று பொருள். நிறமாக இருக்கிறாள் என்றாலும் அதுவே பொருள். கருமேனி ஒரு நிறமே அன்று என்பது போல மொழி நடந்துகொள்கிறது. இந்தியாவில் பல தலைமுறைகள் வாங்கிப் பூசிய முகப்பசை ஒன்று, வெண்மையைக் குறித்து நின்ற சொல்லை 2020இல் தன் பெயரிலிருந்து நீக்கியது. பெயர் மாறியது, மணமகள் தேடும் விளம்பரங்களில் நிறம் பற்றிய எதிர்பார்ப்பு இன்னும் மறையவில்லை.

பழந்தமிழ் இதற்கு எதிர்த்திசையில் நிற்பதைக் காண்க. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனியழகைக் குறிக்கும் சொற்களுள் சிறப்புடையது மாமை. மாந்தளிரின் நிறம் என அதற்கு உரைகாரர் பொருள் கண்டனர். செம்மையும் கருமையும் கலந்து ஒளிரும் நிறம் அது. அம்மாமையைக் கெடுப்பது பசலை. தலைவனைப் பிரிந்தபோது மேனியில் படரும் வெளிறிய பொன்னிறமே பசலை. பீர்க்கம்பூவோடும் கொன்றைமலரோடும் அதனை ஒப்பிட்டனர். திருவள்ளுவர் அதற்கெனவே பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரம் வகுத்தார். வெளிறுதல் அழகு என அம்மரபு எங்கும் கூறவில்லை; வெளிறுதல் நோய் என்றது. தாய் கடையில் தயங்கித் தாழ்ந்த குரலில் சொன்ன மாநிறம் என்னும் சொல், புலவர் பெருமிதத்தோடு பாடிய மாமையின் வழித்தோன்றலேயாகும். சொல் வாழ்கிறது, அதன் மதிப்பு பசந்துவிட்டது.

இங்கே மேலைக் கல்வி பழந்தமிழ் மரபுக்குத் துணையாகிறது. மாந்தளிர் மேனியின் அருகே வெம்மையான ஆழ்ந்த நிறங்களை வைத்துப் பார்த்தவர்க்கு, அரக்கும் பாசிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் அம்மேனியை ஒளிரச் செய்வது தெரியவரும். தண்மை சார்ந்த கருமேனியருகே வாடாமல்லியும் மயில்நீலமும் அவ்வாறே ஒளிரும். வெளிர்நிறம் மட்டுமே எடுக்கும் என்னும் வழக்கு, ஒரு முறை தோளில் துணியை இட்டுப் பார்த்த அளவில் தானே விழுந்துவிடும். ஆகவே கருமேனியர்க்கு இக்கல்வி செய்யக்கூடிய நன்மை பெரிது. பருவப் பெயரைத் தீர்ப்பாகக் கொண்டால் அதே அளவு தீமையும் செய்யும். இன்ன பருவத்தினர் இன்ன நிறம் உடுத்தலாகாது என்று விதிப்பவர், லைட் கலர் காட்டச் சொன்னவரின் தடையையே நூலின் துணையோடு திரும்பக் கூறுபவர் ஆவர்.

கவிஞர்க்கு

நிறச் சொற்களில் கவிஞர்க்குப் பொறுப்பு மிகுதி. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியையும் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறும். நிறச்சொல் ஒருபோதும் நிறத்தை மட்டும் சுமப்பதில்லை என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை. இன்றைய கவிதைகளில் இருள் என்றால் தீமை, வெண்மை என்றால் தூய்மை, சருகு என்றால் முதுமை எனப் பழகிய தடத்திலேயே சொற்கள் செல்கின்றன. இலையுதிர்காலத்துச் செம்மையைப் படிப்பின் வழி அறிந்து பாடும் கவிஞர், தம் வீட்டுக் கொல்லை மாமரத்தில் அதே செம்மை தளிராய் நிற்பதைக் காணாது போகிறார். பெயர் கண்ணை மறைக்கும் முறை இது.

நிறம் பிரிக்கப் பயில்பவரின் மேசை இதற்கு மருந்தாகும். அங்கே துண்டைக் கையில் எடுத்தவுடன் பெயர் சொல்லுதல் கூடாது. பக்கத்தில் மற்றொரு துண்டை வைக்க வேண்டும். பகலொளியில் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் இடம் மாற்றி வைக்க வேண்டும். நேற்று வைத்த இடம் தவறெனத் தெரிந்தால் நாணமின்றி எடுத்து மாற்ற வேண்டும். அதன்பின் பெயர் வரலாம். அப்பெயரும் தற்காலிகமானது என்னும் நினைவு வேண்டும். ஒரு சொல்லைச் செய்யுளில் வைக்கும்போது கவிஞர் செய்வதும் இவையே.

முடிவாக, இக்கல்வியில் கொள்ளத்தக்கது ஒப்புநோக்கும் பொறுமை. தள்ளத்தக்கது பெயரைத் தீர்ப்பாக்கும் விரைவு. வெம்மை, தண்மை என்னும் உறவுகள் எந்நிலத்துக்கும் பொது. பருவப் பெயர்கள் அவ்வந்நிலத்தின் வழக்கு. அடுத்த முறை புடவைக் கடையில் கருமேனிச் சிறுமி ஒருத்தி அமர்ந்திருக்கக் கண்டால், அடுக்கில் உள்ள அரக்கையும் மயில்கழுத்தையும் இறக்கி, வாசல் வெளிச்சத்தில் அவள் தோளில் ஒரு முறை இட்டுப் பார்க்கச் சொல்லலாம். துணியைப் பாராது முகத்தைப் பார்க்கலாம். அங்கே மாமை மீண்டும் ஒளிர்வதைக் காண்பவர்க்கு, அச்சொல்லைக் கவிதையில் எங்கே வைப்பது என்பதும் தெரியவரும்.